துருவனுக்கு இன்னொரு காலக்கோடு

கண்டியில் தேநீர் நன்றாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறிவிடும். எங்களுக்குக் கிடைப்பது சல்லடையில் மிஞ்சிய தூள். அதனால்தான் இஞ்சி தட்டிப் போடச் சொன்னேன். குடியுங்கள், யசோதா. ஆறிப்போனால் அதையும் வாயில் வைக்க முடியாது.

அந்த ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்து வைக்கத் தேவையில்லை. மேசையிலேயே வையுங்கள். சொல்லப்போவதை நானே யோசித்துத்தான் சொல்லப்போகிறேன். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை என்பதும் அதில் பதியட்டும்.

கனடாவிலிருந்து வந்து இறங்கியதும் நீங்கள் நேரே என்னிடம் வரவில்லை. அக்குறணைக்குப் போய் சாஹுல் ஹமீது நானாவைப் பார்த்திருக்கிறீர்கள். என் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். கண் மங்கிவிட்டது என்று கேள்வி, வாய் இன்னும் ஓயவில்லை போலிருக்கிறது. அவர் சொன்னது பொய்யாக இருக்காது. ஆனால் அவருக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

போன மாதம் நீங்கள் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியையும் வாசித்தேன். சண்டை நின்றிருக்கிற இந்தச் சமாதான நாட்களில் அப்பாவின் புத்தகங்களை மறுபடி அச்சிடப் போகிறீர்களாம். முதல் இருபத்துநான்கு துருவன் புத்தகங்கள்தான் அசலாம். அதற்குப் பிறகு 'புதிய காலக்கோடு' என்று வந்தவை எல்லாம் வேறொருவர் ஒட்டுப்போட்டவையாம். ஒட்டுப்போட்டவை. அந்தச் சொல் உங்களுடையதா, பத்திரிகைக்காரருடையதா என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த வேறொருவர் இந்தத் தனபாலன்தான். பதினாறு வருடங்களாகத் துருவனுக்குச் சோறு போட்டவன். அந்தச் சொல்லுக்காகத்தான் உங்களை இன்றைக்கு உட்காரவைத்துப் பேசுகிறேன். இல்லாவிட்டால் தேநீரோடு அனுப்பியிருப்பேன்.

உங்கள் அப்பா நவரட்ணராஜா நல்ல எழுத்தாளர். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி இங்கே ஒரு நீர்ப்பாசனக் காரியாலயத்தில் படம் வரைபவராக வந்தவர். அணை, வாய்க்கால், மதகு என்று பகலெல்லாம் அரசாங்கத்துக்கு வரைவார். பின்னேரம் வீட்டுக்குப் போய்த் துருவனுக்கு வரைவார். அவர் எழுதுகிற முறையே அதுதான். எதையும் முதலில் வரைந்து முடித்துவிட்டுத்தான் எழுதுவார். துருவனின் 'பருந்து' என்கிற விண்கப்பலில் சமையலறை எங்கே, கழிவறை எங்கே என்பதுகூட அவருடைய படத்தில் இருக்கும். படத்தில் இல்லாத கதவைக் கதையில் யாரும் திறக்க முடியாது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் அந்தப் படத்தை மடித்து வைத்துத் தைப்போம். பதுளையிலும் பன்வில தோட்டத்து லய வீடுகளிலும் மன்னாரிலும் பருத்தித்துறையிலும் பையன்கள் அதைப் பிரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். புத்தகம் விற்றது அந்தப் படத்துக்காகத்தான் என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

அவர் எனக்கு 'நீர்' போடுவார். நான் அவருக்கு 'சார்' போடுவேன். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. என் தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர், அப்பா டவுனில் கடை போட்டவர், நான் அச்சகம் வைத்தவன். மூன்று தலைமுறை ஏறி வந்தும் உங்கள் ஆட்கள் எங்கள் தமிழைக் கேட்டால் உதட்டோரம் ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். உங்கள் அப்பா அப்படி வைத்ததில்லை. அவர் பெரிய மனிதர். மெதுவாகத் திருத்துவார், அவ்வளவுதான். சிங்களம் அவரைவிட எனக்கு நன்றாக வரும். அதனால் நீதிமன்றத்தில் பதிந்த மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தேன். அதை அவர் ஒருநாளும் பெரிதாக எடுத்ததில்லை. சொல்லை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுகிற வேலை என்பார்.

எண்பத்துமூன்று ஆடியில் என் அச்சகத்தை எரித்தார்கள். ஈய எழுத்துகள் உருகி ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் ஓடின. அதைப் பார்த்தபடி எதிர்ப்பக்கத்தில் நின்றேன். கொளுத்தியவர்களில் இருவர் அவர்கள் வீட்டுக் கல்யாண அழைப்பிதழை என்னிடம் அடித்தவர்கள். அதே நாட்களில் கொழும்பில் உங்கள் அம்மாவின் தம்பியை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதற்கு மேல் உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை.

கடன்பட்டு ஒரு பழைய இயந்திரம் வாங்கி மறுபடி தொடங்கினேன். பள்ளிக் கொப்பி அடித்தேன், அழைப்பிதழ் அடித்தேன். உங்கள் அப்பாவோ ஒரு வரி எழுதவில்லை. வாசித்தவர்களில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள், மீதிப்பேர் வளர்ந்து வேறு யோசனைக்குப் போய்விட்டார்கள். புதிதாக ஒரு பையன் வந்து கேட்டால் இருபத்துநான்கு புத்தகத்தையும் வாசித்துவிட்டு வா என்று சொல்ல முடியுமா? வாசிக்கப் புத்தகமும் இல்லை, எல்லாம் எரிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இது என்னுடைய யோசனை, யசோதா. பேட்டியில் அதையாவது சொல்லியிருக்கலாம்.

ஏழாவது புத்தகத்தில் பருந்து ஒரு காலப் பிளவுக்குள் போய்த் திரும்பும். அங்கே அது மற்றப் பக்கத்தால் போயிருந்தால்? அவ்வளவுதான். கோடு இரண்டாகப் பிரிகிறது. பழைய கோட்டில் நடந்தது எதுவும் புதிய கோட்டில் நடக்கவில்லை. துருவனுக்கு மறுபடி இருபது வயது. செத்தவர்கள் சாகவில்லை. அதோடு, முன்பின் தெரியாத கிரகங்களை விட்டுவிட்டுக் கதையை மகாவலி ஆற்றங்கரைக்குக் கொண்டுவரலாம். வாசிக்கிறவன் தன் ஊரைப் பார்ப்பான், மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பான். இதைத்தான் உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அவரிடம் சொன்னேன்.

"சார், ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. எல்லாத்தையும் மொதல்ல இருந்து தொடங்கலாம். நடந்ததெல்லாம் அந்தக் கோட்டோட போயிரும்."

"என்ர மச்சானை ரோட்டில வைச்சு எரிச்சவங்கள். அது எந்தக் கோட்டில நடந்தது, தனபாலன்? அதை எங்க கொண்டுபோய் விடப்போறீர்?"

"அது வேற சார். இது கதை."

"எனக்கு வேற இல்லை. நடந்ததை அழிச்சுப்போட்டு நான் எழுதமாட்டன்."

நான் விடவில்லை. அவருக்குக் கை வரவில்லை என்றால் நான் எழுதுகிறேன் என்று முப்பது பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக நான் எதையும் செய்ததில்லை. அடுத்த கிழமை திருப்பித் தந்தார். காரியாலயத்துச் சிவப்புப் பென்சிலால் பரீட்சைத்தாள் மாதிரித் திருத்தியிருந்தார். உங்கள் அம்மா வடை கொண்டுவந்து வைத்தார், அதைத் தின்றுகொண்டே அப்பா சொன்னார்.

"குறை விளங்காதையும். மொழிபெயர்ப்பு மாதிரிக் கிடக்கு. உமக்கு வியாபாரம் வரும், தனபாலன். இது வராது."

சிரித்துக்கொண்டு கேட்டேன். நானும் ஒரு வடை எடுத்தேன். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு எண்பத்துமூன்றில் தெரிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது கடைக்கு நடந்தது. இது எனக்கு நடந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் எழுதத் தொடங்கினார். என் முப்பது பக்கமும் அவருக்குச் சுரணை வரச்செய்தது என்று நினைக்கிறேன். இருபத்தைந்தாவது புத்தகம். 'கடைசிப் பயணம்' என்று பெயர் வைத்திருந்தார். கதையை வாயால் சொன்னார். சாயை என்று ஒரு கிரகம். அதை ஆள்கிறவர்கள் நீலாற்றை மறித்து அணை கட்டிக் கீழே இருக்கிற ஊரைத் தாகத்தில் சாகவிடுகிறார்கள். மூன்றாம் நிலா நிறைகிற நாளில் துருவனும் நான்கு தோழர்களும் அணைக்குள் புகுந்து மதகைத் திறக்கிறார்கள். தண்ணீர் போகிறது. துருவன் அதிலே போய்விடுகிறான்.

"துருவனைச் சாகடிக்கிறீங்களா சார்?"

"ஓம். சாகத்தான் வேணும். நீர் அடிக்காட்டி சொல்லும், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிறன். அங்க அடிப்பினம்."

இந்த இடத்தை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். துருவன் ஒருதடவை அச்சில் செத்துவிட்டால் எந்தக் காலக்கோடும் அவனைக் காப்பாற்றாது. வாசகன் அழுது முடித்துவிடுவான். அழுது முடித்தவனிடம் அதே பொருளைத் திருப்பி விற்க முடியாது. பத்தொன்பது வருடம் நான் அச்சடித்து, தைத்து, ரயிலேற்றி, பஸ் ஸ்டாண்டில் கூவி விற்ற ஒன்றை, தனக்கு மனது சரியில்லை என்பதற்காக ஒரு மனிதர் கொன்றுவிடப் பார்த்தார். கொலை செய்யத் தொடங்கியது யார் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

எண்பத்தாறில் கொழும்பில் குண்டு வெடித்த கிழமை கண்டியிலும் வீடு வீடாகத் தேடினார்கள். யாழ்ப்பாண அடையாள அட்டை வைத்திருந்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் பெரும்பாலானவர்கள் இரண்டொரு நாளில் திரும்பிவிட்டார்கள். அப்பாவும் திரும்பியிருப்பார். ஆனால் அவருடைய மேசையில் ஓர் அணையின் படம் விரித்துக் கிடந்தது. மதகு எங்கே, உள்வழி எங்கே, காவல் எங்கே, எல்லாம் அச்சொட்டாக வரைந்து இலக்கமிட்டிருந்தார். பக்கத்தில் கையெழுத்துப் பிரதி. நீர்ப்பாசனக் காரியாலயத்துக்காரர், யாழ்ப்பாணத்தவர், அணைப் படம். அச்சடித்த புத்தகங்கள் அலுமாரியில் அடுக்கியிருந்தன, அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தையும் பிரதியையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இங்கேதான் உங்கள் அம்மா ஒரு பிழை விட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். மறுபடி தேட வருவார்கள் என்ற பயத்தில், தமிழ் எழுத்து உள்ள எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். இருபத்துநான்கு புத்தகங்களையும். நவரட்ணராஜா கதை எழுதுகிறவர், எல்லாக் கதைக்கும் படம் வரைகிறவர் என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி அதுதான். அதில் சோறு வேகவைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பொலிஸ்காரர் என் கடைக்கு வந்தார். நான் அந்தப் புத்தகங்களை அடித்தவன் என்பதற்காக வரவில்லை, மொழிபெயர்ப்பாளன் என்பதற்காக வந்தார். பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் என் முன்னால் பிரதியை வைத்தார். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த 'ழ'வை உங்கள் அப்பா மட்டும்தான் அப்படிச் சுழிப்பார்.

"இது என்னது?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"வாசித்துப் பார்த்தால்தான் தெரியும் சேர்" என்றேன். அது பொய்யில்லை. வாயால் சொல்லக் கேட்டிருக்கிறேனே தவிர, பிரதியை அதுவரை வாசித்ததில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து இதே மேசையில் வைத்து மொழிபெயர்த்தேன். முதல் பக்கங்களைச் சொல்லுக்குச் சொல் போட்டேன். பிறகு நீலாறு வந்தது. சிங்களத்தில் நீலாறு என்று எழுதிப் பார்த்தேன், உயிரே இல்லை. எந்த ஆறு, எங்கே ஓடுகிறது? கண்டியிலே இருந்துகொண்டு எவன் அதை நம்புவான்? மகாவலி என்று எழுதினேன். யசோதா, அந்தப் பக்கம் எழுந்து நின்றது. மூன்று வருடமாக நான் அவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டது இதைத்தான். பருந்துக் கப்பலை எடுத்துவிட்டு ஒரு லொறி வைத்தேன். பேசுகிற இயந்திரங்களை வெட்டினேன், அவை எப்போதும் கதையை இழுத்தடிக்கும். துருவனின் பெயரை மாற்றவில்லை. அந்த நாட்களில் ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போன ஒவ்வொரு பையனும் தனக்கு ஒரு பெயர் வைத்திருந்தான், துருவன் என்பது அதற்குப் பொருந்தியே இருந்தது. மூன்றாம் நிலா நிறைகிற நாளை எசல பெரஹரா முடிகிற பௌர்ணமி என்று போட்டேன். அந்த யானை ஊர்வலத்தைப் பார்க்கச் சனம் எல்லாம் கண்டிக்கு வந்திருக்கும், பொலிசும் இங்கேதான் நிற்கும், அணையில் காவல் குறைவாக இருக்கும். அவருடைய கதையில் அந்த நாளில் ஏன் காவல் குறைவு என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. நான் கொடுத்தேன். கதையில் இருந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்தேன்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? சிவப்புப் பென்சில் இல்லாமல் எழுதுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். புதிய காலக்கோட்டின் முதல் புத்தகம் எண்பத்தேழில் வந்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பிழை. அது ஒரு வருடம் முந்தியே வந்துவிட்டது, சிங்களத்தில்.

கொண்டுபோய்க் கொடுத்ததும் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டே வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பெரஹரா வந்த இடத்தில் கையிலிருந்த சிகரெட்டை அணைத்தார். எத்தனையோ எழுத்தாளர்கள் தங்கள் எழுத்தை ஒருவர் வாசிக்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்தேன்.

"கைதி இதைக் கதை என்கிறான்" என்றார். "அவனுடைய கதைகளை அச்சடித்தது நீ என்கிறான்."

"நான் கல்யாண அழைப்பிதழும் பள்ளிக் கொப்பியும் அடிக்கிறவன் சேர். எண்பத்துமூன்றுக்கு முந்தி அடித்தது எல்லாம் எரிந்துபோய்விட்டது. ஒரு தாள் மிச்சமில்லை."

அப்போது உங்கள் அப்பாவைக் கூட்டிவந்தார்கள். சட்டை பொத்தானில்லாமல் இருந்தது. கண்ணாடி இல்லை, அதனால் கிட்ட வந்த பிறகுதான் என்னை அடையாளம் கண்டார். அவருடைய முகம் மலர்ந்தது. இதையும் பதியுங்கள், மலர்ந்தது. அவருக்குச் சிங்களம் தெரியும், கதை என்று அந்தப் பாஷையில் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். கைதி தன்னைப் பற்றிச் சொல்வதை யார் எடுப்பார்? மூன்றாம் ஆள் ஒருவர் சொல்ல வேண்டும். அந்த மூன்றாம் ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். அவசரத்தில் தமிழ்தான் வந்தது.

"தனபாலன், நல்லவேளை வந்தீர். இது கதையெண்டு இவைக்குச் சொல்லும்."

"என்ன சொல்கிறான்?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

நான் மொழிபெயர்ப்பாளன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். "இது கதை என்று இவர்களிடம் சொல்லு என்று என்னிடம் சொல்கிறார்."

இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்த பார்வை மாறியதை நான் கண்டேன். சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆளைப் பார்க்கிற பார்வை. உங்கள் அப்பாவும் அந்தச் சிங்கள வாக்கியத்தைக் கேட்டார். அவருக்கு விளங்கியது. இருபது வருடமாக என் தமிழைத் திருத்தியவர். அந்த வாக்கியத்தில் ஒரு பிழைகூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீங்கள் எழுந்து போகலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள். நல்லது.

அடுத்த நாள் உங்கள் அம்மா கடைக்கு வந்தார். உங்களையும் கூட்டிவந்திருந்தார். பள்ளிச் சீருடை, கையில் தண்ணீர்ப் போத்தல். டொபி கொடுத்தேன், நீங்கள் வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டு வாங்காமல் இருந்தீர்கள்.

"தனபாலன் அண்ணை, நான் விசரி, எல்லாத்தையும் அடுப்பில போட்டிட்டன். உங்களிட்டப் பழைய புத்தகம் ஒண்டு எண்டாலும் இருக்கும்தானே? ஒண்டைக் கொண்டுபோய்க் காட்டினாலே விட்டிடுவாங்கள்."

"எல்லாம் கடையோட போச்சே, அக்கா" என்றேன். "நான் தேடிப் பாக்கிறேன். நீங்க வீடு வீடாப் போய்க் கேக்காதீங்க. வச்சிருக்கிறவங்களுக்கும் கரைச்சல் வந்துரும்."

உங்கள் அம்மா பத்மாதேவி நல்ல மனம் உள்ளவர். மற்றவர்களுக்குக் கரைச்சல் வரும் என்றதும் கேட்பதை நிறுத்திவிட்டார். தினமும் வந்து என் கடை வாசலில் நின்றார். நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

சாஹுல் ஹமீது நானாவும் என்னிடம் வந்தார். "மொதலாளி, அந்தப் பொத்தகத்துக்கெல்லாம் எழுத்துக் கோத்தது இந்தக் கைதானே. நம்ம ரெண்டு பேரும் போய் அது கத எண்டு ஒரு சொல் சொல்லுவம். அல்லா நம்மளக் கைவிடமாட்டான்." அணைப் படம் இருக்கிற கேஸில் எழுத்துக் கோர்த்தவன் நான்தான் என்று போய் நின்றால் அடுத்த ஆள் யார் என்று அவரையே யோசிக்கச் சொன்னேன். அவருக்கு ஐந்து பிள்ளைகள். யோசித்தார். அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டார். அவர் உங்களிடம் அழுதிருப்பார். அவர் அழ வேண்டியதில்லை, நான்தான் பயப்படுத்தினேன்.

எசல பெரஹராவுக்கு முந்தி அப்பாவைத் தெற்கே ஒரு முகாமுக்கு மாற்ற ஏற்றினார்கள். வழியில் தப்பி ஓடப் பார்த்ததாகவும் சுட வேண்டி வந்ததாகவும் அம்மாவுக்குச் சொன்னார்கள். உடலைக் கொடுக்கவில்லை. உங்கள் அப்பா என் அச்சகத்து மாடிப்படி ஏறவே நடுவில் ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிறவர். அவர் ஓடினார் என்று யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. இவ்வளவு பலவீனமான முடிவை நான் எழுதியிருக்கமாட்டேன்.

உங்கள் செத்த வீட்டுச் செலவில் பாதி என்னுடையது. நீங்கள் இருவரும் இந்தியாவுக்குப் போய், பிறகு கனடாவுக்குப் போக ஆள் பிடித்துக் கொடுத்ததும் நான். அம்மா கடைசிவரை எனக்குப் புதுவருட வாழ்த்து அனுப்பினார். அப்பா செத்து ஒரு வருடம் கழித்துப் புதிய காலக்கோட்டின் முதல் புத்தகத்தை அச்சிட்டேன். 'அமரர் நவரட்ணராஜா நினைவுக்கு' என்று முன்பக்கத்தில் போட்டேன். அதைப் பார்த்துப் பழைய வாசகர்கள் எல்லாரும் வாங்கினார்கள். புதிய பையன்களும் வாங்கினார்கள். இன்றுவரை எண்பத்தெட்டுப் புத்தகங்கள் வந்துவிட்டன.

அதிலே பருந்தின் படங்களை வரைகிற ஒரு கிழவர் வருவார், உங்களுக்குத் தெரியும். கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகள். மகள் வளர்ந்து கப்பல் ஓட்டுவாள். கனடாவிலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று எனக்குக் கடிதம் எழுதியது, படவரைஞர் மாமாவைச் சாகவிட வேண்டாம், அவரை வாசிக்கும்போது அப்பா ஞாபகம் வருகிறது என்று. கீழே யசோதா என்று கையெழுத்து. மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை. இன்றுவரை அவரைச் சாகவிடவில்லை. அவருக்குக் காய்ச்சல்கூட வரவிடவில்லை. உங்கள் அப்பா எழுத மறுத்த கோட்டில் அவர் உயிரோடு இருக்கிறார், யசோதா. அங்கே யாரும் அவரைத் தொடவில்லை. இதை ஒட்டுப்போட்டது என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனது வந்தது?

சரி. நீங்கள் கேட்க வந்ததற்கு வருகிறேன். அசல் புத்தகங்கள் ஒன்றும் கிடைக்கவில்லை, எங்காவது ஒரு முழுத் தொகுதி இருக்குமா என்று ஹமீது நானாவிடம் கேட்டிருக்கிறீர்கள். அந்த அலுமாரியைத் திறங்கள். திறப்பு கதவுப் பூட்டிலேயே தொங்குகிறது. மேல்தட்டில் சிவப்பு அட்டை போட்டுக் கட்டியிருப்பவை. ஒன்று முதல் இருபத்துநான்கு வரை, மடித்த படங்களோடு. கடையில்தான் எரிந்தன, என் வீட்டில் எப்போதும் ஒரு தொகுதி இருந்தது. அம்மா வாசலில் நின்று கேட்ட நாட்களிலும் இதே தட்டில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு போங்கள், இனி எனக்கு வேண்டாம்.

கீழ்த்தட்டில் ஒரு கோப்பு இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த சிங்கள மொழிபெயர்ப்பின் கார்பன் பிரதி. அதையும் எடுங்கள். உங்கள் பதிப்பின் இறுதியில் அதைச் சேர்க்க வேண்டும், என் பெயரைப் போட்டு. இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பொலிசுக்குக் கொடுக்கிறீர்களா, கொடுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. உங்கள் அப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் வாசகர்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவர்கூட அவர் எழுதியது உண்மையென்று நம்பியதில்லை. அந்தக் கோப்பில் எனக்கு ஒரே ஒரு வாசகர். அவர் ஒவ்வொரு வரியையும் நம்பினார்.

அங்கே நின்றபடியே வாசித்துப் பாருங்கள். உங்களுக்குச் சிங்களம் மறந்திருந்தால் நானே வாசித்துக் காட்டுகிறேன். மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டீர்கள்.